இரண்டேகால் மணித்தியாலம்

மவுண்ட் வெல்லிங்டன், ஒக்லண்ட்
மார்ச் 3, 2024

மகேசன்,

பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே வழக்கமாக எழுதுகிற சுகம் விசாரிப்பை இம்முறை விட்டுவிட்டேன். உன் தம்பிக்குச் சுகமில்லை.

யசீகரனுக்குக் கணையத்தில் புற்றுநோய். மறைத்து மறைத்து வைத்திருந்து போன கிழமைதான் எனக்குச் சொன்னான். கணையம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பிரசாந்தி தன் வயிற்றில் தொட்டுக் காட்டினாள். உன் தங்கச்சி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் அல்லவா, இந்த வருத்தங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். தொட்டுக் காட்டிவிட்டுக் குசினிக்குள் போய் எனக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே எனக்கு விளங்கிப்போயிற்று.

போன் இருக்க ஏன் கடதாசி என்று உன் மனிசி நிலானி கேட்பாள். அவளுக்குச் சொல்லு. அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த அன்று உனக்கு நான் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. முதலில் தம்பியோடு கதை, பிறகு என்னோடு கதை. அதுவரைக்கும் என் குரல் உனக்கு இல்லை. பத்து வருசமாக நீயும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. இனியும் நான் இறங்க மாட்டேன். ஆனால் எழுதுவேன்.

பேத்தியிடம் ஒரு அலுவல் கேட்டேன். பிரணவி இங்கிலிசில்தான் பதில் சொல்லுவாள், நான் கேட்பது அவளுக்கு விளங்கும். சூரிச்சிலிருந்து ஒஸ்லோவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். போனில் ஒரு வரைபடம் எடுத்துக் காட்டினாள். கொஞ்சம் வளைந்த ஒரு நீலக் கோடு. ஆயிரத்து நானூறு கிலோமீற்றர் வருமாம். நடுவில் எங்கேயும் இறங்கி ஏறத் தேவையில்லையாம். இரண்டேகால் மணித்தியாலம். பிறகு ஒக்லண்டிலிருந்து ஒஸ்லோவுக்குப் பார் என்றேன். அந்தக் கோடு போனுக்குள் அடங்கவில்லை. பிள்ளை விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். ஒரு நாளுக்கு மேலே போகிறது, இரண்டு இடத்தில் மாறி ஏற வேண்டும். மூக்கில் குழாயும் பக்கத்தில் மெசினுமாக இருக்கிற என்னைப் பிளேனில் ஏற்ற ஏலாது என்று டொக்டர் எப்போதோ சொல்லிப்போட்டார். நான் கேட்காமலேயே பிரணவி போனை மூடி வைத்தாள்.

பிரசாந்தி மனுரேவாவுக்கு ரயிலில் வேலைக்குப் போய், நடந்து, நின்று, திரும்பி வீட்டுக்கு வர இதே இரண்டேகால் மணித்தியாலம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் போய் வருகிறாள். உனக்கும் அவனுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான்.

நீ போ. வேறொன்றும் கேட்கவில்லை. போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இரு. கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா


சூரிச்
மார்ச் 24, 2024

அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. யசீகரனின் நோய் பற்றி ஒஸ்லோவில் இருக்கும் ஒரு நண்பர் மூலம் எனக்கு முன்பே தெரியும். கேள்விப்பட்ட அன்று நான் வேலைக்குப் போகவில்லை. இதைத் தாங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

தூரத்தைப் பற்றி எனக்கு எழுதத் தேவையில்லை. நான் டிராம் ஓட்டுகிறவன். எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் என் தொழில். பிரணவி காட்டிய அந்தக் கோட்டை நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். எங்களுக்கு நடுவில் இருப்பது அந்தக் கோடு அல்ல.

அப்பா ஒக்லண்டில் இறந்தபோது என்னிடம் சுவிஸ் பாஸ்போட் இல்லை. பயணப் பத்திரம் வர எட்டு நாள் என்றார்கள். எட்டு நாள் வைத்திருங்கள் என்று கேட்டேன். வைத்திருக்கலாம் என்று உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்காரரும் சொன்னதைப் பிரசாந்தியே எனக்குச் சொன்னாள். தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன், தாய்க்கு வைப்பது இளையவன். இதை எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லித் தந்தவர் தாங்கள். நோர்வே பாஸ்போட் வைத்திருந்தவன் மூன்றாம் நாள் வந்து இறங்கினான், நாலாம் நாள் முடித்துவிட்டான். அவன் என் இடத்தில் நின்று எரிக்கிற மெசினின் பொத்தானை அமத்தியதை நான் டிராம் டிப்போவின் கழிப்பறைக்குள் நின்று போனில் பார்த்தேன். நடுவில் படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. அவன் ஒரு தடவை போன் எடுக்கட்டும். "அண்ணா வா" என்று ஒரு சொல் சொல்லட்டும். அன்றைக்கே வெளிக்கிடுவேன்.

தங்கள் உடம்பைக் கவனியுங்கள். குளிர் தொடங்கும் முன் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

மகேசன்


மவுண்ட் வெல்லிங்டன்
ஏப்ரல் 15, 2024

மகேசன்,

வருசப்பிறப்பு நேற்றுப் போனது. மூத்தவன் கையால் வாங்க வேண்டிய கைவிசேசக் காசை நான் பிரணவியிடம் வாங்கிக்கொண்டேன்.

தங்கள், தங்கள் என்று எழுதுகிறாய். நான் என்ன அரசாங்கக் கந்தோரோ?

பழையதை நீ எழுதியபடியால் நானும் எழுதுகிறேன். அப்பாவை எரிக்கச் சொன்னது நான். யசி இல்லை. இதை அன்றைக்கும் சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. பிள்ளை வந்து இறங்கி, குளிக்கக்கூட இல்லை, "அண்ணா வரட்டும் அம்மா, பொறுப்பம்" என்றுதான் முதலில் சொன்னான். ஐஸ்பெட்டியில் அந்த மனிசனை நான் மூன்று நாள் பார்த்தேன். புருவத்தில் ஈரம் படிந்து கிடந்தது. குளிர் என்றால் ஒரு போர்வைக்கு மேல் இன்னொரு போர்வை கேட்கிற மனிசன். இனி ஒரு நாளும் ஏலாது என்று நான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். கோபம் என்றால் என்னில் வை. பத்து வருசம் நீ ஆள் மாறிக் கோபித்திருக்கிறாய்.

அவன் உனக்குப் போன் எடுக்க மாட்டான். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "சாகப்போறன் வா எண்டு கூப்பிட்டு வந்தால் அது வரத்தே அம்மா, அவர் தானாய் வரவேணும்" என்கிறான். அவனும் நான் பெற்றதுதானே.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கும்போது கடைசியில் ஒன்று கேட்பான். "அண்ணா விசாரிச்சவரோ?" ஓம், விசாரிச்சவன் என்று சொல்லுவேன். சரி அம்மா வைக்கிறன் என்பான். போன கிழமை, அண்ணா வரப்போகிறான் என்றும் சொல்லிவிட்டேன். பொய்யைச் சொல்லியாயிற்று, அதை உண்மையாக்குவது உன் கையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் சவிதா என்று ஒரு பீஜிக்காரி இருக்கிறாள். அவளுடைய பாட்டன் காலத்துத் தமிழில் இரண்டு மூன்று சொல் மிச்சம் இருக்கிறது, மிச்சத்தைக் கையால் கதைப்பாள். இரண்டு மகன்களும் ஐரோப்பாவிலா, பக்கம் பக்கமா, அப்படியென்றால் அடிக்கடி சந்திப்பார்களா என்று கேட்டாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே வீட்டில்தான் என்று சொன்னேன். நல்ல பிள்ளைகள் என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

யசியை இப்போது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மருந்து ஏற்றுவதில்லை, நோவு தெரியாமல் வைத்திருப்பார்களாம். அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று பிரசாந்தி சொன்னாள். நான் எழுத மாட்டேன். மனிசி விட்டுப் போன பிறகு அவனுக்கு அங்கே யாரும் இல்லை என்று உனக்குத் தெரியும். நேர்ஸ்மார் தங்கமானவர்களாம். ஆனால் மயக்கத்தில் தமிழில்தான் முனகுகிறானாம், அவர்களுக்கு விளங்குவதில்லை. தண்ணி என்று கேட்டால் தண்ணியென்று விளங்குகிற ஒருத்தர் பக்கத்தில் வேண்டும். அதற்குத்தான் உன்னைக் கேட்கிறேன்.

அம்மா


சூரிச்
மே 6, 2024

அம்மா,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். "பொறுப்பம்" என்று அவன் சொன்னது எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அல்லது சொல்லி நான் கேட்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் டிக்கெட் போட்டேன். மே நாலாம் திகதிக்கு. நிலானி அவனுக்கென்று மிளகாய் குறைத்து ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய்கூடப் போட்டாள். டிப்போவில் லீவும் தந்தார்கள்.

ஏப்ரல் முப்பதாம் திகதி நல்லூரில் இராசநாயகம் சித்தப்பா இறந்த செய்தி வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அப்பாவின் கூடப்பிறந்தவர், முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு. துடக்கு உள்ளவன் வருத்தக்காரனைப் பார்க்கப் போகக் கூடாது, அவன் உயிருக்கு ஆகாது என்று நீங்கள்தான் சொல்லுவீர்கள். ஊரில் ஒரு தடவை, செத்த வீட்டுக்குப் போய் வந்த நான் குளிக்காமல் வருத்தத்தில் கிடந்த அம்மம்மாவின் அறைக்குள் போனேன் என்று என்னை அடித்தீர்கள். நீங்கள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

அதனால் டிக்கெட்டை யூன் முதலாம் திகதிக்கு மாற்றியிருக்கிறேன். முப்பதாம் திகதியோடு துடக்குக் கழிகிறது. சாட்டுச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பத்து வருசத்துக்குப் பிறகு அவனைப் பார்க்கப் போகிறேன், கூடாத ஒன்றைக் கையில் கொண்டு போக விருப்பமில்லை. அவனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான்.

நான் வருகிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள். இந்த முறை அது பொய் இல்லை.

மகேசன்


மவுண்ட் வெல்லிங்டன்
மே 21, 2024

மகேசன்,

சுழி போடவில்லை. எனக்கும் துடக்கு.

உன் கடதாசி நேற்றுப் பின்னேரம் வந்தது. பிரசாந்தி வாசிக்க வாசிக்க நான் எழும்பிவிட்டேன், மூக்குக் குழாய் இழுபட்டது. வாசித்து முடிந்த உடனேயே அவளைப் போன் எடுக்கச் சொன்னேன். உனக்குச் சொல்லியிருப்பாள். ஐயரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாயாம். நீ ஐயரிடம் கேள். ஆனால் நான் எழுதுவதையும் வாசி.

சித்தப்பா செத்தது உனக்குத் துடக்கு. ஏன்? அவர் உன் அப்பாவின் தம்பி. யசிக்கு அவர் யார்? அவனுக்கும் அப்பாவின் தம்பிதான். உனக்கு எந்த நிமிசத்தில் துடக்குத் தொடங்கியதோ அந்த நிமிசத்தில் அவனுக்கும் தொடங்கியது. கட்டிலில் கிடக்கிறவனுக்கும் அது உண்டு. துடக்குக்காரன் துடக்குக்காரனைப் பார்க்கக் கூடாது என்று எந்த ஐயர் சொன்னவர்? ஒரு வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைகள் முப்பத்தொரு நாளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலா இருக்கிறார்கள்?

நான் உன்னை அடித்தது உண்மை. அம்மம்மா என் தாய், வேறு வழி. நீ போன செத்த வீடு உன் அப்பாவின் ஆட்களுடையது. அவவுக்கு அந்தத் துடக்கு இல்லை. அதனால் அடித்தேன். அதையும் இதையும் ஒன்றாக்கிவிட்டாய்.

நீ சாட்டுச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சாட்டுச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வரவில்லை, பயமாக இருக்கிறது. இவ்வளவையும் யோசித்த உனக்கு, அவனும் உன்னைப் போல இந்த வீட்டுப் பிள்ளை, சித்தப்பாவின் சாவு அவனுக்கும் சாவுதான் என்ற நினைப்பு ஒருக்காலும் வரவில்லை. வெளியாளைப் பார்க்கப் போகிறவன் மாதிரி நாள் பார்த்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குரல் சரியில்லை. நான் "அண்ணா வாறான், டிக்கெட் போட்டிட்டான்" என்று இன்னொரு பொய் சொன்னேன். எப்போது என்று கேட்டான். யூன் முதலாம் திகதி என்று அப்போது எனக்குத் தெரியாது. வாற கிழமை என்று சொன்னேன். "சனியோ?" என்றான். ஓம், சனி என்றேன்.

இந்தக் கடதாசி உன் கைக்கு வரும்போது நீ வீட்டில் இருக்கக் கூடாது. நிலானிதான் பிரிக்க வேண்டும். நீ ஒஸ்லோவில் இருக்க வேண்டும்.

அம்மா


ஒஸ்லோ
யூன் 4, 2024

அம்மா,

பிரசாந்தி உங்களுக்கு எல்லாம் சொல்லியிருப்பாள். ஆனாலும் நான் எழுத வேண்டும். உங்களோடு கதைக்க எனக்கு இருக்கிற வழி இதுதான்.

ஐயர் கோயில் கொடியேற்றத்துக்கென்று ஜெர்மனிக்குப் போயிருந்தார். சனிக்கிழமைதான் போனில் பிடித்தேன். நான் சொல்லி முடிக்க முதலே சிரித்துவிட்டார். "உம்மட தம்பிக்கும் அதே துடக்குத்தானே, இதுக்கேன் என்னைத் தேடினனீர்? உடனே வெளிக்கிடும்" என்றார். நான் அன்றைக்கே வெளிக்கிட்டிருக்கலாம். திங்கட்கிழமை என்னுடைய ஓட்டத்துக்கு மாற்று ஆள் இல்லை என்று டிப்போவில் சொன்னார்கள். சரி, செவ்வாய் என்று டிக்கெட்டை மாற்றினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். திங்கட்கிழமை மத்தியானம் நான் டிராமில் இருக்கும்போது பிரசாந்தியின் பெயர் போனில் வந்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது. கடைசித் தரிப்பு மட்டும் ஓட்டினேன். ஒவ்வொரு தரிப்பிலும் கதவைத் திறந்து, ஆட்கள் இறங்கும்வரை பார்த்து, மூடி, ஓட்டினேன். எனக்குத் தெரியும் அம்மா. எடுக்காமலே தெரியும்.

செவ்வாய்க்கிழமை பிளேனில் வந்தேன். நீங்கள் சொன்ன இரண்டேகால் மணித்தியாலம்கூட இல்லை. காற்று எங்கள் பக்கம் அடித்ததால் நேரத்துக்கு முந்தியே இறங்குகிறோம் என்று பைலட் சந்தோசமாக அறிவித்தார். ஆட்கள் கைதட்டினார்கள். எனக்குத் தந்த கோப்பி குடித்து முடியவில்லை.

அவன் இருந்த அறைக்குப் போனேன். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து அதில் இருந்தேன். ஒரு நேர்ஸ் வந்து யார் என்று கேட்டாள். அண்ணன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. ஓ, சூரிச் அண்ணனா, சனிக்கிழமைகளில் வருகிறவரா என்றாள். சனிக்கிழமை அவளுக்கு லீவாம், அதனால்தான் ஒரு தடவையும் என்னைக் காணவில்லையாம். நான் என்ன வாங்கி வருவேன், என்ன பகிடி விடுவேன் என்றெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். எனக்கு எலுமிச்சை ஊறுகாய் போடத் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறான். அவளுக்கு நான் ஓம் என்றேன்.

அவன் கடைசியாக என்ன கேட்டான் என்று விசாரித்தேன். தண்ணி என்றானாம். அந்தச் சொல்லை அவர்கள் பழகிவைத்திருந்தார்கள். கொடுத்தார்களாம்.

நேற்றுத்தான் சடங்கு. சின்ன மண்டபம், நானும் நண்பர்கள் நாலு பேரும். பெட்டிக்குக் கிட்டக் கற்பூரம் கொளுத்த விடவில்லை. ஒரு பூ வைக்க விட்டார்கள். பொத்தான் எங்கே என்று கேட்டேன். இங்கே அப்படி ஒன்று இல்லையாம். எரிப்பது இன்னொரு நாளிலாம், அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், ஆட்கள் நிற்பதில்லையாம். நான் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன், பிறகு எடுக்கச் சொன்னார்கள்.

கொள்ளிக்குத்தான் பத்து வருசம் அவனோடு கதைக்காமல் இருந்தேன்.

அம்மா, நான் நாளைக்கு உங்களுக்குப் போன் எடுப்பேன். ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். எடுத்துக் காதில் வைத்திருங்கள், அதுவே காணும்.

மகேசன்


மவுண்ட் வெல்லிங்டன்
யூன் 24, 2024

மகேசன்,

உன் கடதாசி வருவதற்கு முன்னமே உன் போன் வந்தது. ஒரு நாளில்லை, பல நாள். பிரசாந்தி நீட்டுவாள், நான் தலையாட்டுவேன். அவள் அழுதுகொண்டு போனை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் அதை வாங்கி மேசையில் வைக்கவில்லை. அடித்து ஓயும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். உடம்பெல்லாம் அதிர்ந்தது.

தம்பியோடு கதைத்துவிட்டு என்னோடு கதை என்றேன். அந்தச் சொல் அவனை வைத்துச் சொன்னது. அவன் இல்லை. இனி அதை நீ நிறைவேற்றவும் ஏலாது, நான் அவிழ்க்கவும் ஏலாது. ஆரம்பத்தில் வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது வீம்பு இல்லை. உன் குரல் கேட்டால் அவன் குரல் மாதிரி இருக்கும். உங்கள் இரண்டு பேருக்கும் அப்பாவின் குரல். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் வந்து, கடைசியில் அண்ணா விசாரிச்சவரோ என்று கேட்காமல் வைத்தால் நான் என்ன செய்வேன்?

சவிதா வந்தாள். மூத்த மகன் பக்கத்தில் இருந்தானா என்று கேட்டாள். இருந்தான், கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான் என்று சொன்னேன். அவளுக்கு அது ஆறுதல். நேர்ஸுக்கு நீ ஓம் என்றது போலத்தான். ஊறுகாய்ப் போத்தலை என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை.

துடக்கு மறுபடியும் வந்திருக்கிறது. இந்த முறை உனக்கு ஐயரிடம் கேட்க ஒன்றும் இல்லை. கடதாசி பிந்தும் என்று இதைப் பிரசாந்தியிடமும் போனில் சொல்லச் சொன்னேன். ஒழுங்காகக் காத்துக்கொள். அந்திரட்டியை நீதான் செய்ய வேண்டும், அவனுக்கு வேறு ஆள் இல்லை. அவனுக்கு உழுந்து வடை விருப்பம், நிலானியிடம் சொல்லு.

இன்னொன்று. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்று எனக்கே எழுதினாய். எனக்கு வைக்க வேண்டியவன் அவன். என் அலுவல் அவனிடம் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். இப்போது அதுவும் உன்னிடம் வந்துவிட்டது. இங்கே பொத்தான் இருக்கிறது, அப்பாவுக்கு அமத்தியதுதான்.

சூரிச்சிலிருந்து ஒக்லண்டுக்கும் பிரணவியைப் பார்க்கச் சொன்னேன். ஒரு நாளுக்கு மேலே. டிக்கெட் உடனே கிடைக்காது. மாற்று ஆள் இல்லை என்று டிப்போவில் சொல்லுவார்கள். ஏதாவது ஒன்று வரும்.

பிரசாந்தியைக் கூப்பிட்டு முன்னால் இருத்திச் சொல்லிவிட்டேன். அண்ணா வரும் வரைக்கும் என்னை எரிக்கக் கூடாது. எட்டு நாள் என்றால் எட்டு நாள், அதற்கு மேலே என்றாலும் சரி. "ஐஸ்பெட்டியிலயோ அம்மா" என்று கேட்டாள். ஐஸ்பெட்டியில்தான்.

நான் கிடப்பேன். நீ வா.

அம்மா